வன்னிப் பண்பாட்டின் தோற்றமும் வளர்ச்சியும்: சில சிந்தனைகள்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதனைப் பிறிதொரு வரலாற்றின் அடிக்குறிப்பாகவே கருதிவந்துள்ளனர். அநுராதபுரத்தை மையமாகக் கொண்டு எழுதியோருக்கு அது வடவெல்லைக் காடு. நல்லூரை மையமாகக் கொண்டு எழுதியோருக்கு அது யாழ்ப்பாண அரசுக்குத் திறை செலுத்திய புறநாடு. குடியேற்றவாதக் காலத்து நிருவாகிகளுக்கோ அது காய்ச்சலும் யானையும் மிகுந்த, மக்கள் அருகிய நிலப்பரப்பு. இம்மூன்று நோக்குகளும் தம்முள் மாறுபட்டனவாயினும், வன்னிக்கெனத் தனித்த ஒரு பண்பாட்டு உருவாக்கம் நிகழ்ந்தது என்பதை ஏற்காத வகையில் ஒன்றுபடுகின்றன. இன்றைய கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய பெருநிலப்பரப்பில் அத்தகைய உருவாக்கம் ஒன்று நிகழ்ந்தது என்பதும், அதன் அடித்தளம் அரசுகளிலன்றிக் குளங்களிலேயே அமைந்திருந்தது என்பதும் இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த முனையும் கருத்துகளாம்.

மையத்தின் வரலாற்றேடுகளைக் கொண்டு பிரதேசங்களை அளவிடும் போக்கு நமக்கு மட்டும் உரியதன்று. சீனத்தில் மஞ்சளாற்றுச் சமவெளியே நாகரிகத்தின் ஒரே தொட்டில் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1981இல் தொல்லியலாளர் சு பிங்சி அந்நாட்டின் தொல்பண்பாடுகளை ஆறு பெரும் பிரதேசங்களாக வகுத்து, அவை ஒவ்வொன்றும் தத்தம் வழியில் வளர்ந்தன என வாதிட்டார். ஐந்தாண்டுகளின் பின், 1986இல், சிச்சுவான் மாகாணத்துச் சான்சிங்துவியில் இரு குழிகள் அகழப்பட்டபோது, வேறெங்கும் காணப்படாத வெண்கல முகங்களும் யானைத் தந்தங்களும் வெளிப்பட்டன. மையத்தின் ஏடுகள் ஷூ எனப் பெயர் சுட்டி, நாகரிகமற்ற எல்லைப்புறமாக ஒதுக்கிய நாடு அது. கி.மு. 316இல் சின் அரசு அந்நாட்டைக் கைப்பற்றியது. எனினும் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு லீ பிங் என்னும் ஆளுநர் அமைத்த நீர்ப்பாசனம் இன்றும் செங்டு சமவெளிக்கு நீரூட்டுகின்றது. வென்ற அரசோ அடுத்த நூற்றாண்டு முடியுமுன்னரே அழிந்துபோயிற்று. ஒப்புமையை நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. வன்னியில் சான்சிங்துவி கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏட்டின் மௌனத்தை நிலத்தின் வெறுமையாகக் கொள்ளலாகாது என்பதற்கும், அரசின் ஆயுளும் பண்பாட்டின் ஆயுளும் ஒன்றல்ல என்பதற்கும் இது தக்க எடுத்துக்காட்டாகும்.

வன்னியின் புவியியல் அமைப்பு முதற்கண் நோக்கத்தக்கது. இங்கு மலைகள் இல்லை. ஆங்காங்கே தனிப் பாறைக் குன்றுகள் உள்ளன. கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, பேராறு போன்றவை ஆண்டு முழுவதும் ஓடுவனவல்ல. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையிலான வடகீழ்ப் பருவமழையே நீரின் பெரும்பகுதியைத் தருகின்றது. எஞ்சிய மாதங்களில் ஆற்றுப்படுகைகள் வறண்டு கிடக்கும். ஆயினும் மெல்லென ஏறியிறங்கும் தரை, சிறு பள்ளங்களின் குறுக்கே மண்ணணை எழுப்பி நீரைத் தேக்குவதற்கு மிகவும் ஏற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் தரையில் கிணறு எவ்வாறு வாழ்வின் மையமாயிற்றோ, அவ்வாறே வன்னியில் குளம் மையமாயிற்று. ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. குளம், மடு, மோட்டை, கட்டு, முறிப்பு என முடியும் பெயர்களை நீக்கிவிட்டால் வன்னியின் வரைபடத்தில் எஞ்சுவது சிறிதே.

மனிதர் இந்நிலத்தில் வாழத் தொடங்கிய காலம் மிகத் தொன்மையானது. இலங்கையின் தொல்பழங்கால ஆய்வில் 'இரணைமடுப் படிவு' எனப் பெயர்பெற்ற செம்மணல், பரற்படிவுகள் கிளிநொச்சிப் பகுதியின் பெயரையே தாங்கியுள்ளன. தென்கரையில் பூந்தலைப் பகுதியிலுள்ள இவ்வகைப் படிவுகளிற் கிடைத்த கற்கருவிகளை ஆராய்ந்த சிரான் தெரணியகல, அவற்றின் காலத்தை ஏறத்தாழ 125,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணித்தார். அத்துணைப் பழைய வேட்டுவச் சமூகத்துக்கும் பிற்காலக் குளத்துச் சமூகத்துக்கும் நேர்த்தொடர்பு கற்பிப்பது வீண். நமக்கு முக்கியமானது இரும்பின் வருகையாகும்.

கறுப்பு-சிவப்பு மட்பாண்டம், இரும்பு, நெற்செய்கை, குளம், ஈமச்சின்னம் என்னும் கூறுகளை ஒருங்கே கொண்ட பெருங்கற்காலப் பண்பாடு கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டில் இலங்கையின் உலர் வலயமெங்கும் பரவியது. தென்னிந்தியாவின் தென்கோடியில் நிலவிய பண்பாட்டுடன் இது நெருங்கிய உறவுடையது என்பது இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு. வன்னியின் தென்மேற்கே பொம்பரிப்பிலும், மேற்கே மல்வத்து ஓயாக் கரையிலுள்ள தேக்கத்திலும், வடக்கே ஆனைக்கோட்டையிலும் இதன் சின்னங்கள் கண்டறியப்பட்டன. வன்னியின் வடமேற்கு அந்தமான பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் மேற்கொண்டு 1993இல் நூலாக வெளியிட்ட மேலாய்வு, மண்ணித்தலை, வெட்டுக்காடு, பரமன்கிராய் முதலிய இடங்களில் இப்பண்பாட்டு மட்பாண்டங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தது. போர்ச்சூழல் நிலவிய ஆண்டுகளில் பெரும்பாலும் நடைப்பயணமாகவே இத்தகைய ஆய்வுகள் இயன்றன என்பதை இங்கு நன்றியுடன் குறிப்பிடல் வேண்டும்.

எழுத்துச் சான்றுகளுக்கு வருவோம். வவுனியா மாவட்டத்தின் பெரியபுளியங்குளம், எருப்பொத்தானை, மகாகச்சக்கொடி ஆகிய இடங்களின் குன்றுகளிலே பௌத்த துறவியருக்குக் குகைகளைத் தானமளித்த செய்திகளைக் கூறும் பிராகிருத மொழிக் கல்வெட்டுகள் உள்ளன. கிறித்தவ ஆண்டுக் கணக்கு தொடங்குவதற்கு முன்னைய சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவற்றைச் சேனரத் பரணவிதான 1970இல் பதிப்பித்தார். பெரியபுளியங்குளத்தில் இரு செய்திகள் நம் கவனத்தை ஈர்க்கின்றன. ஒன்று, நாகராசனின் மகளும் உதி என்னும் அரசனின் மனைவியுமான அபி அனுராதி பற்றியது. மற்றையது விசாகன் என்னும் வணிகன் பற்றியது. அக்கல்வெட்டு அவனைக் 'கஹபதி' எனச் சிறப்பிப்பதோடு, 'தமேட', அதாவது தமிழன், எனவும் அடையாளப்படுத்துகின்றது.

இவ்விசாகனைப் பற்றி நாம் சற்று நின்று சிந்தித்தல் தகும். அவன் பெயர் வடமொழி மரபுக்குரியது. அவன் தானத்தைப் பதிந்த மொழி பிராகிருதம். தானம் பெற்றது பௌத்த சங்கம். அவனோ தமிழன். இன்று வழக்கிலுள்ள அளவுகோல்களுள் எதனைக் கொண்டு அவனை அளப்பது? பௌத்தச் சின்னம் யாவும் சிங்களவருடையது என்போருக்கும், பௌத்தம் எக்காலத்தும் தமிழருக்கு அந்நியம் என்போருக்கும் விசாகன் ஒருவனே போதிய மறுமொழி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தில் இனக்குழு அடையாளங்கள் உருப்பெற்றுக்கொண்டிருந்தன, உருப்பெற்று முடிந்திருக்கவில்லை. பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளியிட்ட தமது நூலில் இலங்கைத் தமிழரின் தோற்றத்தை நெடிய இனக்குழு உருவாக்கமாக விளக்கியதும், 1965இல் தாம் எழுதிய ஆய்வேட்டின் முடிவுகளைத் தாமே திருத்திக்கொண்டதும் நம் வரலாற்றெழுதியலில் அரிதாகக் காணப்படும் அறிவுநேர்மைக்கு எடுத்துக்காட்டாகும்.

பெருங்குளங்களின் தோற்றமும் இக்காலத்தை ஒட்டியதே. மகாவம்சம் அநுராதபுரத்துக்கு வடக்கே குறிப்பிடும் பேலிவாபி என்பது பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளமே என ஆய்வாளர் பலர் கருதுவர். ஆற்றின் பெயரும் குளத்தின் பழம்பெயரும் ஒத்திருத்தல் இதற்கு வலுவூட்டுகின்றது. அந்நூல் கல்லாட நாகனுடன் தொடர்புபடுத்தும் குருந்தவாசோக விகாரை, தண்ணிமுறிப்புக் குளத்தை அடுத்த குருந்தூர் மலையில் இருந்தது என்பர். வன்னியின் தென்கிழக்கு எல்லையிலுள்ள பதவியாவோ நம் நோக்கிற்கு மேலும் பயன்படுவது. சோழராட்சிக் காலத்தில் அங்கு இரவிகுலமாணிக்க ஈஸ்வரம் என்னும் சிவாலயம் இருந்ததைத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. அதே பதவியாவிற் கிடைத்த பிற்காலத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டொன்று, லோகநாதன் என்னும் தண்டநாயகன் அமைத்த பௌத்த விகாரைக்கு வேளைக்காற விகாரை எனப் பெயர் சூட்டப்பட்டதைத் தெரிவிக்கின்றது. வேளைக்காறர் சோழப் படையோடு வந்த போர்வீரர் பிரிவினர். சிவாலயத்துக்கு வணிகர் கொடையளித்த ஊரிலேயே படைவீரரின் காவலில் விகாரையும் நின்றது. ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படிந்த இம்மண்ணிற் கிடைக்கும் செங்கல் ஒவ்வொன்றையும் இன்ன இனத்தாருடையது எனப் பெயர்சூட்டப் புகுவது ஆய்வாகாது.

1215இல் மாகனின் படையெடுப்போடு பொலநறுவை அரசு வீழ்ந்தது. அவனுடைய படைநிலைகளாகச் சூளவம்சம் கூறும் பட்டியலில் பதவியாவும் குருந்தியும் இடம்பெறுகின்றன. இதன் பின்னர் பெருங்குளங்கள் உடைந்தன; மக்கள் தென்மேற்கு நோக்கிப் பெயர்ந்தனர்; காடு மூடியது; வன்னி பாழாயிற்று என்பதே நாம் பாடநூல்களிற் படித்த கதை. பெருநீர்ப்பாசனமும் பேரரசும் ஒன்றையொன்று தாங்குவன என 1957இல் விற்ஃபோகல் வகுத்த கோட்பாட்டின்படி பார்த்தால், அரசு வீழ்ந்தபின் எதுவும் எஞ்சியிருக்கவியலாது. ஆனால் இரண்டாண்டுகளின் பின், 1959இல், மானிடவியலாளர் எட்மண்ட் லீச் இலங்கைச் சான்றுகளைக் கொண்டே அக்கோட்பாட்டை மறுத்தார். வன்னிக்குத் தெற்கே நுவரகலாவிய என்னும் பகுதியில் புல் எலிய எனும் சிற்றூரை நேரில் ஆராய்ந்த அவர், கிராமக் குளங்கள் ஊராரின் உழைப்பாலும் ஒழுங்காலும் பேணப்பட்டவை என்றும், மைய அதிகாரம் சிதைந்தபோதும் அவை சிதையவில்லை என்றும் காட்டினார்.

லீச்சின் கூற்று வன்னிக்கு முற்றும் பொருந்தும். பெருங்குளத்தின் துருசைச் செப்பனிட அரசின் கைவினைஞரும் பெருந்தொகை ஊழியமும் வேண்டும். சிறுகுளத்தின் கட்டை உயர்த்த மண்வெட்டியும் ஊர்க்கட்டுப்பாடும் போதும். மேற்குளத்தின் வான் பாய்ந்தால் நீர் கீழ்க்குளத்தைச் சேரும். கீழ்வயலின் கழிவுநீரும் அடுத்த குளத்துக்கே செல்லும். பேராதனைப் புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் விளக்கிய இத்தொடர்குள அமைப்பில், ஓரூரார் அடுத்த ஊராரோடு உடன்பட்டு வாழ்ந்தேயாக வேண்டும். மழை குறைந்த ஆண்டில் எவ்வளவு நிலத்தில் சிறுபோகம் செய்வது, எவரெவருக்கு எந்தப் பங்கு என்பவற்றைக் குளம் ஒன்றின் கீழ்ப் பயிர்செய்வோர் கூடி முடிவு செய்தனர். வன்னியின் அரசியலைப் பற்றிப் பேசுவோர் இக்கூட்டங்களைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அறுநூறு ஆண்டுகள் இந்நிலத்தை வாழவைத்த நிறுவனம் இதுவே என நாம் கருதுகின்றோம்.

இச்சூழலிலேதான் வன்னிமைகள் என்னும் குறுநில ஆட்சிகள் எழுந்தன. 'வன்னி' என்னும் சொல் காட்டைக் குறிக்கும் வனத்தினின்றும் வந்தது என்பர் சிலர். தென்னிந்தியாவின் வன்னியர் என்னும் படைக்குலத்தோடு இணைப்பர் பிறர். பாலி, சிங்கள நூல்களும் வன்னி அரசரைப் பற்றிப் பேசுகின்றமையால், தொடக்கத்தில் இச்சொல் ஓரினத்துக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை என்பது தெளிவு. வையாபாடலும் யாழ்ப்பாண வைபவமாலையும் மதுரை இளவரசிக்குத் துணையாக வந்த வன்னியர் அறுபதின்மரின் கதையைக் கூறும். இக்கதை நிகழ்ச்சிகளின் பதிவாகக் கொள்ளத்தக்கதன்று. ஆள்வோர் தம் உரிமைக்குத் தேடிக்கொண்ட வம்சச் சான்று என்ற அளவிலேயே அதற்குப் பெறுமதி உண்டு. பேராசிரியர் சி. பத்மநாதன் 1970களில் வெளியிட்ட ஆய்வுகள், பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகிய வன்னிமைகளின் அமைப்பைத் தெளிவுபடுத்தியுள்ளன. இவற்றுட் பனங்காமம் முதன்மை பெற்றிருந்தது.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்தனர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். வன்னியர் இரு சாராருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுக்க உடன்பட்டனர். இயன்றபோதெல்லாம் கொடாது விட்டனர். கயிலை வன்னியன் போன்றோர் ஒல்லாந்தருக்குத் தீராத தலைவலியாயினர். பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியே குடாநாட்டுக்குச் சென்று, அங்கிருந்து கோல்கொண்டா, வங்காளம் ஆகிய நாடுகளின் வணிகருக்கு விற்கப்பட்டன.

யானையைப் பிடித்தவர் யார்? வன்னியனார் அல்லர், பணிக்கர். திறைப் பட்டியல்கள் யானைகளை எண்ணினவேயன்றி அவற்றைக் கட்டியவர் பெயரைக் குறிக்கவில்லை. வாய்மொழி மரபோ ஒரு பெயரைக் காத்துவைத்துள்ளது. வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை, ஆடவர் அஞ்சிய கொம்பன் யானையைக் கட்டிக்கொண்டு வந்ததையும், அவளது மரணத்தின்பின் கணவன் புலம்பியதையும் கூறும் ஒப்பாரி வன்னி மக்களின் நாவில் நெடுங்காலம் வாழ்ந்தது. அதிகாரத்தின் ஆவணத்தில் இடம்பெறாத உழைப்பு ஒப்பாரியில் இடம்பெற்றது. அவ்வுழைப்பு ஒரு பெண்ணின் பெயரால் நினைவுகூரப்பட்டமை மேலும் உன்னத்தக்கது. வன்னிமைகளைப் பொற்காலமாகப் பாடுவோர் இதனை மறத்தலாகாது. அவை நிலமானிய ஆட்சிகளே. சாதியும் ஊழியமும் அங்கும் இருந்தன.

வழிபாட்டிலும் கலையிலும் இப்பண்பாட்டின் தனித்தன்மை இன்றும் வெளிப்படையாகக் காணத்தக்கது. குளக்கட்டிலே பிள்ளையாரும் ஐயனாரும், காட்டோரத்தில் வைரவரும் காளியும், வயலை அண்டி நாகதம்பிரானும் உறைகின்றனர். புளியம்பொக்கணையிலும் புதூரிலும் நாகதம்பிரானுக்குப் பொங்கும் மக்களைப் பண்டை நாகரின் நேர்வழித்தோன்றல்கள் எனச் சிலர் துணிவர். நாம் அத்துணை தூரம் செல்லோம். பாம்பு மிகுந்த வயல் நிலத்தில் பாம்பு வழிபாட்டிற்கு வம்சாவழி தேடவேண்டியதில்லை.

வற்றாப்பளைக் கண்ணகியின் வைகாசிப் பொங்கலே வன்னியின் தலையாய விழா. கடலிலிருந்து எடுத்த நீரைக் கொண்டு முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பதும், சிலம்பு கூறல் படிப்பதும் அதன் உறுப்புகள். முல்லைமோடி என்னும் தனி ஆட்டமுறையில் அமைந்த கோவலன் கூத்து இவ்வழிபாட்டின் பக்கத்திலேயே வளர்ந்தது. கண்ணகி இலங்கையில் தமிழருக்கு மட்டும் உரியவளல்லள். சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்யோ எனப் போற்றுவர். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டுச் சைவ மறுமலர்ச்சியின் செல்வாக்கால் கண்ணகி கோயில்கள் பல ஆகமத் தேவியரின் பெயர்களுக்கு மாறின. வன்னியில் அவள் கண்ணகியாகவே இருந்தாள். வன்னியைப் பின்தங்கியது என இகழ்ந்த நம் குடாநாட்டுப் பெரியோர், தாம் இழந்ததை அது காத்து வைத்திருந்தது என்பதைக் கண்டாரல்லர்.

1780களில் ஒல்லாந்தர் வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொணர்ந்தனர். முல்லைத்தீவிலிருந்து ஆண்ட அதிகாரி நாகெல் 1793இல் எழுதிய அறிக்கை அக்காலநிலையை அறிய உதவும். பின்வந்த ஆங்கிலேயரை எதிர்த்த பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் வொன் ட்றிபேர்க்கின் படையிடம் தோற்றான். வன்னிமைகள் அத்தோடு முடிந்தன. 1895இல் லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்டபோது, காய்ச்சலாலும் வறட்சியாலும் மக்கள் குன்றிய ஊர்களையே கண்டார். அவர் கண்ட நலிவைப் பலர் வன்னியின் என்றுமுள்ள இயல்பாகக் கொண்டுவிட்டனர். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் மீளக் கட்டப்பட்டபோது, பொறியியலாளர் பெரும்பாலும் பழைய அணைகளையே பின்பற்ற வேண்டியிருந்தது.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போர் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களை முட்கம்பி முகாம்களுக்குள் தள்ளியது. மீண்டு வந்தோர் முதலிற் செய்தவற்றுள் ஒன்று, தூர்ந்த குளங்களைப் பார்த்தது. அதன் பின்னரே தொல்லியல் இந்நிலத்தில் வேறொரு வடிவத்தில் வந்தது. 2021 ஜனவரியில் குருந்தூர் மலையில் படையினரின் பிரசன்னத்துடன் அகழ்வு தொடங்கப்பட்டது. புதிய கட்டுமானங்களுக்கு எதிராக 2022இல் முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்ட பின்னரும் அங்கு தூபி எழுந்தது. பிராமிக் கல்வெட்டுகளைக் கொண்ட வெடுக்குநாறி மலையில் 2024 மார்ச்சில் சிவராத்திரி வழிபாட்டின்போது எண்மர் கைதாகிப் பின்னர் நீதிமன்றால் விடுவிக்கப்பட்டனர். அகழாய்வு என்பது மண்படைகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் காலங்களை வாசிப்பது. ஒரு படையை மட்டும் தெரிந்தெடுத்து அதன்மேல் புதுக்கட்டடம் எழுப்புவது ஏனைய படைகளை அழிப்பதாகும். இதற்கு எதிர்வினையாக ஒவ்வொரு கல்லிலும் சிவலிங்கத்தைக் காணும் நம்மவர் சிலரும் அதே தவற்றையே மறுபுறமிருந்து செய்கின்றனர். விசாகனின் குகை இரு சாராருக்கும் பயன்படாது.

குருந்தூர் மலையின் அடிவாரத்துக் குளத்தின் பெயர் தண்ணிமுறிப்பு. முன்னொரு காலம் அதன் அணை முறிந்ததை அப்பெயர் சொல்கின்றது. முறிந்த அணையின் அருகிலேயே ஊர் வைத்து, அம்முறிவையே ஊருக்குப் பெயராக்கி, அதன் கீழ் நெல் விளைத்தோர் தமிழ் உழவர். 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். மலையின் பழைமையைப் பற்றிய வழக்குகளிலும் அறிக்கைகளிலும் கல்லாட நாகனின் பெயர் வருகின்றது. குளத்தின் கீழிருந்த வயற்காணிகளின் பெயர்களும் அவற்றை உழுதோரின் பெயர்களும் அத்துடன் சேர்த்தெழுதப்பட வேண்டியவை. அவற்றை அறிந்த முதியோர் இன்னும் முல்லைத்தீவின் ஊர்களில் வாழ்கின்றனர்.